இத்தாலியில் வீட்டு வேலை: துவைக்க, துடைக்க, துலக்க என்னென்ன சொல்?

கோத்தகிரி மல்லி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். என் நாத்தனார் இன்னும் பத்து வாரத்தில் ரோமுக்குப் போகிறார். தனியாக இருக்கும் ஒரு வயதான அம்மாவோடு அவர் வீட்டிலேயே தங்கி, துணிமணி, பாத்திரம், தரை எல்லாம் பார்த்துக்கொள்கிற வேலை. தமிழ் வழியில் பத்தாவது வரை படித்தவர். இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிப்பார், பேச வராது.

கையில் இருக்கும் இத்தாலிய மொழிப் புத்தகத்தில் ரயில் டிக்கெட் எடுக்கவும் ஹோட்டலில் அறை கேட்கவும் பாடம் இருக்கிறது. பக்கெட்டுக்கும் துடைப்பத்துக்கும் சொல் இல்லை. இங்கே எங்களுக்குத் துவைக்கிற கல்லும் பார் சோப்பும்தான் பழக்கம். அங்கே முன்பக்கம் கதவு வைத்த மிஷின், விதவிதமான பாட்டில்கள் என்று கேள்விப்படுகிறோம்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: எந்தச் சொல்லை முதலில் படிக்க வேண்டும்? மிஷின்மேல் என்ன எழுதியிருக்கும்? பாட்டில் லேபிளில் எதைக் கவனிக்க வேண்டும்? அந்த அம்மாவிடம் மரியாதையாக எப்படிக் கேட்பது? தமிழ் எழுத்தில் உச்சரிப்போடு எழுதினால் அப்படியே நோட்டில் எழுதிக்கொள்வார்.

---

குன்னூர் சோலை எழுதியது:

மல்லி, முதலில் உச்சரிப்பை முடித்துவிடுவோம். இதில் தமிழ் பேசுகிறவர்களுக்கு நிறைய சாதகம் இருக்கிறது.

இத்தாலிய 'த' நம் 'த' மாதிரியே நாக்குப் பல்லைத் தொடுகிற ஒலி. இங்கிலீஷ் பழக்கத்தில் 'ட' என்று சொல்ல வேண்டாம். வாஷிங் மிஷின் 'லாவத்ரீச்சே', 'லாவாட்ரிஸ்' அல்ல. அடுத்தது 'ஞ'. இங்கிலீஷ்காரர்கள் தடுமாறுகிற இந்த ஒலி நமக்கு மஞ்ஞை, அஞ்ஞானம் என்று பழகிய ஒலி. ஸ்பஞ்சுக்கு 'ஸ்பூஞ்ஞா', குளியலறைக்கு 'பாஞ்ஞோ'. மூன்றாவது, ஒற்று இரட்டிப்பது. நமக்கு 'படு' வேறு, 'பட்டு' வேறு. அவர்களுக்கும் அப்படித்தான்: 'பாலா' என்றால் மண்வெட்டி, 'பல்லா' என்றால் பந்து. 'காஸா' வீடு, 'காஸ்ஸா' பணப்பெட்டி. ஒற்றை அழுத்திச் சொல்லத் தயங்கவே வேண்டாம்.

கஷ்டம் ஒரே இடத்தில்தான். ப, த, க மூன்றுக்கும் அவர்களிடம் அதிரும் ஒலி, அதிராத ஒலி என்று இரண்டு எழுத்து உண்டு. நம் எழுத்தில் ஒன்றுதான். நோட்டில் எழுதும்போது அதிர வேண்டிய எழுத்தின் கீழே ஒரு கோடு போடச் சொல்லுங்கள். 'பத்து' என்பதில் இருக்கும் ப, த இரண்டும் அதிராது. 'புத்தர்' என்பதில் இரண்டுமே அதிரும். துணி துவைக்கும் வேலைக்கு 'பூக்காத்தோ' என்று பெயர். அதன் 'பூ' புத்தரின் பு. 'பாஞ்ஞோ'வின் பாவும் அப்படியே. கையுறை 'குவாந்தி', அதன் கு கீதையில் வரும் க. துடைக்கும் துணி 'பான்னோ', அதன் பா பத்தின் ப. பான்னோவையும் பாஞ்ஞோவையும் மாற்றிச் சொன்னால் துணி கேட்ட இடத்தில் குளியலறையைக் காட்டுவார்கள்.

இனி, முதலில் படிக்க வேண்டிய சொல். என் கணிப்பில் குழாய்தான். குழாய்த் தலையில் ஸி எழுத்து இருந்தால் அது வெந்நீர். 'கால்தோ' என்றால் சூடு. இங்கிலீஷ் 'கோல்ட்' என்று நினைத்துத் திறந்தால் கை வெந்துவிடும். குளிர்ந்தது 'ஃப்ரெத்தோ' (புத்தரின் த்த), எழுத்து எஃப். 'ஆக்வா கால்தா' வெந்நீர், 'ஆக்வா ஃப்ரெத்தா' பச்சைத் தண்ணீர். வயதானவரைக் குளிக்க வைக்கும் வேலையும் இருந்தால் இந்த இரண்டும் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும்.

அடுத்தது பாட்டில்கள். மூன்று பாட்டிலின் பெயரைப் பார்த்தவுடனே அடையாளம் தெரிய வேண்டும்.

'காந்தெஜ்ஜீனா': ப்ளீச்சிங் திரவம். சில வீடுகளில் இதையே 'வரெக்கீனா' என்பார்கள்.

'அம்மொனீயாக்கா': அம்மோனியா. இத்தாலியில் இதை சூப்பர் மார்க்கெட்டிலேயே பாட்டிலில் வாங்கலாம், எண்ணெய்ப் பிசுக்குப் போக்க வைத்திருப்பார்கள்.

'ஆச்சிதோ' என்று பெயரில் வரும் எதுவும்: அமிலம். 'ஆச்சிதோ முரியாத்திக்கோ' நம் கடைகளில் கிடைக்கும் ஆசிட்தான். டாய்லெட் கறை எடுக்கும் 'திஸின்க்ரொஸ்தாந்தே'யிலும், உப்புப் படிவு எடுக்கும் 'அந்திகல்காரே'யிலும், வினிகரிலும் ('ஆச்செத்தோ') அமிலம்தான் இருக்கிறது.

காந்தெஜ்ஜீனாவோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா சேர்ந்தால் குளோரமின் என்ற இன்னொரு நச்சு வாயு. இரண்டும் மூச்சுக்குழாயை எரிக்கும். ஜன்னல் சின்னதாக இருக்கும் குளியலறையில் இது உயிருக்கே ஆபத்து. பெரும்பாலும் தப்பு எப்படி நடக்கிறது என்றால், டாய்லெட்டில் ஒன்றை ஊற்றி, கறை போகவில்லை என்று தண்ணீர் விடாமலே இன்னொன்றை ஊற்றுவார்கள். லேபிளில் 'நோன் மெஸ்கொலாரே' என்று இருந்தால் 'கலக்காதே'. 'பெரீக்கொலோ' ஆபத்து, 'அத்தென்த்ஸியோனே' கவனம், 'நோன் இன்ஜெரீரே' விழுங்காதே. மூச்சை அடைக்கிற நெடி வந்தால் பாட்டிலை மூட நிற்காமல் வெளியே வந்து, ஜன்னலைத் திறந்துவிட்டு 112-க்குப் போன் செய்ய வேண்டும். இத்தாலி முழுவதும் அவசர எண் அதுதான்.

இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு பாட்டில் இருக்கும், பார்க்க ரோஸ்மில்க் மாதிரி தெரியும். 'ஆல்கொல் தெனதுராத்தோ'. கண்ணாடி துடைக்கிற ஸ்பிரிட். தவறிக்கூட குடித்துவிடக் கூடாது என்பதற்காகச் சாயமும் கசப்பும் சேர்த்து விற்கிறார்கள். சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

---

பண்ணைக்காட்டுக்காரர் எழுதியது:

சோலை சொன்ன பாட்டில் பகுதியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். நான் மிஷினைப் பற்றிச் சொல்கிறேன்.

'லாவத்ரீச்சே'யின் முன்பக்க வட்டக் கதவு 'ஒப்லோ' (கடைசி அசையில் அழுத்தம்). மேலே இடது பக்கம் ஒரு இழுப்பறை இருக்கும், 'கஸ்ஸெத்தோ'. அதை இழுத்தால் மூன்று குழி தெரியும். ஒரு கோடு போட்டது 'ப்ரெலவாஜ்ஜோ', முன்துவைப்பு. மிக அழுக்கான துணிக்கு மட்டும், மற்றபடி காலியாக விட வேண்டும். இரண்டு கோடு போட்டது 'லவாஜ்ஜோ', அசல் துவைப்பு. சோப்புத்தூளோ திரவமோ இதில்தான். பூ வரைந்திருப்பது 'அம்மொர்பிதெந்தே', துணியை மெதுவாக்கும் திரவத்துக்கு. பூக்குழியில் 'மாக்ஸ்' என்று ஒரு கோடு இருக்கும். அதைத் தாண்டி ஊற்றினால் அந்தக் குழியின் அமைப்பே திரவத்தை உடனே உள்ளே இழுத்துவிடும். கடைசி அலசலில் சேர வேண்டியது முதல் துவைப்பிலேயே போய் வீணாகும். சோப்புத்தூளை ஒரு கோட்டில் போடுவதுதான் புதிதாக வருகிறவர்கள் அதிகம் செய்கிற தப்பு. முன்துவைப்பு இல்லாத ஓட்டத்தில் அந்தக் குழிக்குத் தண்ணீரே வராது. துணி வெறும் தண்ணீரில் சுற்றி முடிந்து வரும், தூள் அப்படியே கட்டியாக உட்கார்ந்திருக்கும்.

திருகும் பொத்தானைச் சுற்றி: 'கொத்தோனே' பருத்தி, 'ஸிந்தேத்திச்சி' நைலான் பாலியஸ்டர் வகை, 'லானா' கம்பளி, 'தெலிக்காத்தி' மெல்லிய துணி, 'ராப்பிதோ' சீக்கிர ஓட்டம். ஓடும்போது வரும் கட்டங்கள்: லவாஜ்ஜோ, 'ரிஷாக்குவோ' அலசல், 'ச்செந்த்ரீஃபுகா' சுற்றிப் பிழிவது, 'ஸ்காரிக்கோ' தண்ணீரை வெளியேற்றுவது. 'ஜீரி' என்று எண் இருந்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று அர்த்தம். திரையில் கடைசியில் இங்கிலீஷ் 'ஃபைன்' எழுத்திலேயே ஒரு சொல் வரும். அதை 'ஃபீனே' என்று வாசிக்க வேண்டும், 'முடிந்தது' என்று பொருள். முடிந்த உடனே கதவு திறக்காது, பூட்டு விட ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். இழுத்தால் கைப்பிடி உடையும்.

சூடு: படுக்கை விரிப்பு ('லென்த்ஸுவோலா'), துவாலை, உள்ளாடை 60 டிகிரி. கலர்த் துணி 30 அல்லது 40. கம்பளி 30-க்கு மேல் போகக் கூடாது, சுற்றும் 600-க்குள். சூடும் உரசலும் சேர்ந்தால் கம்பளி இழைகள் ஒன்றோடொன்று சிக்கி இறுகிவிடும். அதற்கு 'இன்ஃபெல்த்ரீரே' என்று தனிச்சொல்லே வைத்திருக்கிறார்கள். இறுகினது இறுகினதுதான், எதைச் செய்தாலும் பழைய அளவு திரும்பாது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஸ்வெட்டர் கையால் துவைத்துப் பழகியவர்களுக்கு இது புரியும்: வெந்நீரில் போட்டுக் கசக்கினால் என்ன ஆகுமோ, அதையே மிஷின் பத்து நிமிடத்தில் செய்துவிடும். துவைத்த கம்பளியைத் தொங்கவிடாமல் துவாலைமேல் படுக்கையாக விரித்துக் காய வைக்க வேண்டும்.

பிரிப்பது: 'பியாங்கி' வெள்ளை, 'கொலொராத்தி' கலர், 'ஸ்கூரி' அடர்நிறம். பேச்சு வழக்கில் "ஸ்திஞ்ஜே" என்று அந்த அம்மா ஒரு துணியைக் காட்டிச் சொன்னால் சாயம் போகும் என்று பொருள், தனியாக வைக்க வேண்டும்.

சோப்பு அளவைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், நம் மலைக்காரர்கள் தடுமாறுவது இங்கேதான். ஊற்றுத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் மென்மையானவை. கொஞ்சம் சோப்பு தேய்த்தாலே நுரை பொங்கும், கெட்டில் அடியில் வெள்ளை படியாது. ரோம் தண்ணீர் சுண்ணாம்பு மலையிலிருந்து வருகிறது, கடினத்தண்ணீர். அதில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் பார் சோப்போடு சேர்ந்து கரையாத சாம்பல் நிற அழுக்காகத் துணியிலேயே ஒட்டிக்கொள்ளும். அதனால் பார் சோப்பை ஊரிலிருந்து எடுத்துப் போக வேண்டாம். அங்கே விற்கும் 'தெத்தெர்ஸீவோ' பெட்டியின் பின்னால் ஒரு சின்ன அட்டவணை இருக்கும்: 'தோல்ச்சே' மென்தண்ணீர், 'மேதியா' நடுத்தரம், 'தூரா' கடினம். அளவு பிரெஞ்சு டிகிரியில் இருக்கும். 15-க்குக் கீழ் மென்மை, 15 முதல் 25 நடுத்தரம், அதற்கு மேல் கடினம். ஒரு பிரெஞ்சு டிகிரி என்றால் லிட்டருக்கு 10 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட். ரோமுக்கு 'தூரா' வரிசையைப் பார்த்து, அழுக்கு எவ்வளவு என்பதையும் பார்த்து, 'மிசுரீனோ' என்ற அளவுக் கிண்ணத்தால் போட வேண்டும். கண் அளவு வேண்டாம். அதிகமானால் 'ஸ்கியூமா', அதாவது நுரை, டிரம்மில் துணி அடிபடாமல் மெத்தை மாதிரி தாங்கிக்கொள்ளும். அழுக்குப் போகாது, அலசலும் சரியாக நடக்காது, தோல் அரிக்கும்.

அந்தச் சுண்ணாம்புப் படிவுக்கு 'கல்காரே' என்று பெயர். குழாய் வாய், ஷவர், கெட்டில், மிஷினின் சூடாக்கும் கம்பி எல்லாவற்றிலும் படியும். ஒரு லிட்டர் தண்ணீரில் 150 கிராம் 'ஆச்சிதோ சீத்ரிக்கோ' (சிட்ரிக் அமிலம்) கரைத்துத் தெளித்து, பத்து நிமிடம் விட்டுத் துடைத்தால் குழாய் பளிச்சென்று ஆகும். இதே கரைசலில் 100 மில்லியைப் பூக்குழியில் ஊற்றினால் துணி விறைக்காது, தனியாக அம்மொர்பிதெந்தே வாங்க வேண்டியதில்லை. காந்தெஜ்ஜீனா போட்ட ஓட்டத்தில் மட்டும் இதை ஊற்றவே கூடாது. காரணம் சோலை சொன்னதுதான்.

---

கோத்தகிரி மல்லி எழுதியது:

ரொம்ப நன்றி அக்கா, நன்றி அண்ணா. இரண்டையும் படித்துக் காட்டிவிட்டேன். அவர் ஒரு அகராதியைப் பார்த்து ஏற்கெனவே எழுதி வைத்திருந்த பக்கத்தைக் காட்டினார். அதில் இருப்பது: ஸ்கோப்பாரே - பெருக்குதல். தொவால்யா - துவாலை. பவிமெந்தோ - நடைபாதை. ஸ்தீராரே - கலக்குதல். வாத்தெர் - தண்ணீர். லவாரே - கழுவுதல். இது சரியா? லவாரே என்ற ஒரு சொல்லே போதுமா, துவைப்பதற்கு வேறு சொல் உண்டா என்றும் கேட்கிறார்.

---

கூடலூர் மழை எழுதியது:

மல்லி, லவாரே மட்டும் சரி. மற்ற ஐந்தையும் இன்றைக்கே திருத்திவிடுங்கள்.

ஸ்கோப்பாரே: அகராதியில் பெருக்குதல் என்று இருப்பது உண்மை. 'ஸ்கோப்பா' துடைப்பம். ஆனால் பேச்சில் இந்த வினைச்சொல் படுக்கையறை சம்பந்தப்பட்ட கொச்சைச் சொல்லாகிவிட்டது. ஒரு பெண் வேலைக்குப் போன வீட்டில் இதைச் சொன்னால் அவருக்குத்தான் சங்கடம். 'ஸ்பத்ஸாரே' என்று சொல்லுங்கள், அல்லது 'பஸ்ஸாரே லா ஸ்கோப்பா' (துடைப்பத்தை ஓட்டுவது). துடைப்பம் என்ற பெயர்ச்சொல்லில் எந்தத் தப்பும் இல்லை.

தொவால்யா: மேஜை விரிப்பு. நம் துவாலை போர்ச்சுகீசியர் வழியாக வந்த சொல், அதற்கும் இதற்கும் மூலம் ஒன்றுதான். பொருள் விலகிவிட்டது. துவாலைக்கு 'அஷுகாமானோ', கை துடைப்பது என்று அர்த்தம். (சாவிக்கு 'கியாவே'. இதுவும் நம் சொல்லுக்கு உறவுதான், இது பொருள் மாறாமல் இருக்கிறது.)

பவிமெந்தோ: வீட்டுத் தரை. ஸ்தீராரே: இஸ்திரி போடுவது, பெட்டிக்கு 'ஃபெர்ரோ தா ஸ்தீரோ'. வாத்தெர்: டாய்லெட் கிண்ணம். தாகத்துக்கு 'வாட்டர்' என்று இங்கிலீஷில் கேட்டால்கூடக் குழப்பம் வரும், 'ஆக்வா' என்றே சொல்லிப் பழகட்டும். அந்தக் கிண்ணம் தேய்க்கும் பிரஷ் 'ஸ்கொப்பீனோ', தண்ணீர் இழுத்துவிடும் தொட்டி 'ஷாக்குவோனே'.

இப்போது லவாரே. நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். நமக்குக் கை கழுவுவது வேறு, துணி துவைப்பது வேறு, பாத்திரம் விளக்குவது வேறு, பல் துலக்குவது வேறு, தலைக்குக் குளிப்பது வேறு. இத்தாலியில் எல்லாவற்றுக்கும் லவாரேதான். 'லவாரே இ பியாத்தி' பாத்திரம் விளக்குவது, 'லவாரே இ பான்னி' துணி துவைப்பது, 'லவார்ஸி இ தெந்தி' பல் துலக்குவது. துவைக்கிற வேலை மொத்தத்துக்கும் 'ஃபாரே இல் பூக்காத்தோ'. பழைய காலத்தில் சாம்பல் காரத்தில் துணியை ஊறவைத்து வெளுத்ததிலிருந்து வந்த சொல். உவர்மண் போட்டு வெள்ளாவி வைத்த நம் முறைக்குப் பக்கத்தில் வருவது.

திரும்பிப் பார்த்தால், நம் 'துடை' ஒன்றுதான், அவர்களுக்கு நாலு. அலமாரியில் தூசு தட்டித் துடைத்தால் 'ஸ்பொல்வெராரே'. ஈரத்துணியால் தரை துடைத்தால் 'பஸ்ஸாரே லோ ஸ்த்ராச்சோ', அல்லது 'லவாரே பெர் தெர்ரா'. கழுவின தட்டின் ஈரத்தைத் துடைத்தால் 'அஷுகாரே'. மேஜையில் சிந்தினதைத் துடைத்துச் சுத்தம் செய்தால் 'புலீரே'. அந்த அம்மா "அஷூகா!" என்றால் ஈரத்தோடு போய் நிற்கக் கூடாது, காய்ந்த துணி எடுக்க வேண்டும். இதை அகராதியில் தேடினால் நாலுக்கும் 'துடை' என்றே போட்டிருக்கும். அதனால் சொல்லை மட்டும் படிக்காமல், கையில் எந்தத் துணி, ஈரமா காய்ந்ததா என்று சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள்.

துணிகளுக்கும் பெயர் உண்டு. தரைக்கு 'ஸ்த்ராச்சோ', தெற்கத்திக்காரர்கள் 'பெத்ஸா' என்பார்கள். தட்டு துடைக்க 'ஸ்த்ரொஃபினாச்சோ' அல்லது 'கனொவாச்சோ'. குச்சி வைத்த நூல் மாப் 'மோச்சோ', அதன் பக்கெட் 'ஸெக்கியோ'. தாள் ரோலை கம்பெனிப் பெயரால் 'ஸ்காத்தெக்ஸ்' என்றே சொல்வார்கள். குப்பை அள்ளும் முறம் 'பலெத்தா'. குளியலறை ஸ்பஞ்சையும் சமையலறை ஸ்பஞ்சையும் கலர் வைத்துப் பிரித்து வைக்க வேண்டும்.

துணி வேலையின் மற்ற வினைகள்: 'ஷாக்குவாரே' அலசு, 'ஸ்த்ரித்ஸாரே' பிழி, 'ஸ்தெந்தெரே' காயப்போடு, 'பியெகாரே' மடி. ஊறவைப்பதற்கு 'மெத்தெரே இன் அம்மொல்லோ'. கறை 'மாக்கியா', கொடி ஸ்டாண்டு 'ஸ்தெந்தீனோ', கிளிப் 'மொல்லெத்தே'.

காயப்போடுவதில் கூடலூர்க்காரர்களுக்கு ஆடி மழையில் என்ன பாடோ, கோத்தகிரிக்காரர்களுக்கு ஐப்பசி கார்த்திகையில் என்ன பாடோ, அதே பாடு ரோமில் குளிர்காலத்தில். வீட்டுக்குள்ளே ஸ்தெந்தீனோவை விரித்து, சுவரோரம் இருக்கும் 'தெர்மொஸிஃபோனே' என்ற சூடாக்கிமேல் துணியைப் போட்டால், துணியின் ஈரம் முழுக்கக் குளிர்ந்த சுவரில் போய் வேர்க்கும். இரண்டு வாரத்தில் மூலையில் கறுப்பாகப் பூஞ்சை பூக்கும். அதற்கு 'மூஃப்ஃபா' என்று பெயர். செய்ய வேண்டியது: இன்னொரு தடவை ச்செந்த்ரீஃபுகா மட்டும் 1,000 சுற்றில் ஓட்டி எடுப்பது, துணிக்கும் துணிக்கும் நாலு விரல் இடைவெளி, சுவரிலிருந்து தள்ளி வைப்பது, காலையிலும் மாலையிலும் பத்து நிமிடம் ஜன்னலை முழுதாகத் திறப்பது. இப்படிக் காற்று மாற்றுவதற்கு 'அரியெஜ்ஜாரே' என்பார்கள், அந்த ஊர்ப் பாட்டிமார்கள் நாள் தவறாமல் செய்கிற காரியம். மிஷின் கதவையும் ஓட்டம் முடிந்தபின் சற்றே திறந்து வைத்து, கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தை ('குவர்னித்ஸியோனே') விரல் விட்டுத் துடைத்துவிட வேண்டும். அந்த மடிப்புக்குள்தான் முடியும் நூலும் சேர்ந்து நாறும். மாடி வீடாக இருந்தால் சொட்டுகிற துணியை ஜன்னல் கொடியில் போடக் கூடாது, கீழ் வீட்டுத் துணிமேல் சொட்டினால் சண்டை வரும்.

இரண்டு பொருளை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளட்டும். ஒன்று 'மார்மோ', பளிங்கு. ரோமில் பழைய வீடுகளில் படி, ஜன்னல் திண்டு, சமையல் மேடை எல்லாம் பளிங்காக இருக்கும். பளிங்கும் சுண்ணாம்பு வகைதான். வினிகரோ எலுமிச்சையோ சிட்ரிக் அமிலமோ பட்டால் கல்லையே அரித்து மங்கலான தழும்பு விழும். அது அழுக்கு இல்லை, துடைத்தால் போகாது, பாலிஷ் போடுகிறவரைத்தான் கூப்பிட வேண்டும். பண்ணைக்காட்டு அண்ணா சொன்ன கரைசலைக் குழாயில் தெளிக்கும்போது, குழாய் பளிங்கில் பதித்திருந்தால் தெளிக்காமல் துணியில் நனைத்துச் சுற்ற வேண்டும். வெறும் வெந்நீரும் இரண்டு சொட்டு பாத்திரத் திரவமும் பளிங்குக்குப் போதும்.

இன்னொன்று 'மோக்கா', அடுப்பில் வைக்கும் காபிப் பாத்திரம். பெரும்பாலும் அலுமினியம். பாத்திரம் கழுவும் மிஷினில் ('லாவஸ்தொவீல்யே') வைத்தால் அந்தக் காரத்தில் கறுத்து, தொட்டால் கையில் சாம்பல் ஒட்டும். நாரால் தேய்க்கவும் கூடாது, சோப்பு போடவும் கூடாது என்பது பெரும்பாலான வீடுகளில் சட்டம் மாதிரி. வெந்நீரில் அலசி, மூன்று பாகத்தையும் பிரித்துக் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு திருகி வைத்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும்.

---

குன்னூர் சோலை எழுதியது:

மழை சொன்ன நாலு 'துடை' எனக்கும் தோன்றாத விளக்கம். மரியாதைப் பேச்சு இன்னும் யாரும் சொல்லவில்லை, அதைச் சேர்க்கிறேன்.

நம் நீ, நீங்கள் மாதிரியே அவர்களுக்கு 'தூ', 'லேயி'. வீட்டு அம்மாவை "ஸிஞ்ஞோரா" என்று கூப்பிட்டு, லேயி வைத்துப் பேச வேண்டும். அவர் தூ என்று பேசலாம், வயதில் பெரியவர் என்றால் அது மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவர் சொல்லும் ஏவல்கள் சின்னச் சொல்லாக வரும்: "லாவா" கழுவு, "புலீஷி" சுத்தம் செய், "ஸ்தெந்தி" காயப்போடு, "பூத்தா" குப்பையில் போடு. புலீரேயில் ஒரு நெளிவு உண்டு: நான் சுத்தம் செய்கிறேன் 'புலீஸ்கோ', நீ செய்கிறாய் 'புலீஷி'. ஒரே எழுத்துத்தான், ஓ வந்தால் 'ஸ்க', இ வந்தால் 'ஷ'.

மிக முக்கியம், வேண்டாம் என்பது. நமக்கு மறுப்பு கடைசியில் வரும்: துவைக்கா-தே. காது கடைசி அசைக்காகக் காத்திருக்கும். அவர்களுக்கு முதலிலேயே வரும்: "நோன் லவாரே", துவைக்காதே. வேகமாகப் பேசும்போது அந்த 'நோன்' காதில் விழாமல் போனால் 'லவாரே' மட்டும் கேட்கும், கம்பளிக் கோட்டு மிஷினுக்குள் போய்விடும். சொல்லின் தலையைக் கேட்கக் காதைப் பழக்க வேண்டும்.

அப்படியே மனப்பாடம் செய்யத் தகுந்த வாக்கியங்கள்:

"தோவே லோ மெத்தோ?" இதை எங்கே வைக்கட்டும்?
"ஆ குவாந்தி க்ராதி?" எத்தனை டிகிரியில்? (இந்தக் குவாந்தியின் கு அதிராது. கையுறைக்கு அதிரும்.)
"ஸி புவோ லவாரே இன் லாவத்ரீச்சே?" இதை மிஷினில் போடலாமா?
"ஏ ஃபினீத்தோ இல் தெத்தெர்ஸீவோ." சோப்பு தீர்ந்துவிட்டது.
"கோமே ஸி கியாமா குவேஸ்தோ?" இதற்கு என்ன பெயர்?
"நோன் ஓ கபீத்தோ." எனக்குப் புரியவில்லை.
"அத்தென்த்ஸியோனே, ஏ பாஞ்ஞாத்தோ பெர் தெர்ரா." பார்த்து, தரை ஈரமாக இருக்கிறது.

கடைசி வாக்கியத்தைத் தரை துடைக்கத் தொடங்குவதற்கு முன்னாலேயே சொல்ல வேண்டும், துடைத்த பிறகு அல்ல. ஈரத் தரையில் வழுக்கி விழுந்தால் வயதானவர்களுக்கு இடுப்பெலும்பே முறியலாம்.

---

பண்ணைக்காட்டுக்காரர் எழுதியது:

கரண்ட் விஷயம் ஒன்று விட்டுப்போயிற்று. இத்தாலியில் சாதாரண வீட்டு இணைப்பு 3 கிலோவாட்தான். லாவத்ரீச்சே தண்ணீரைச் சூடாக்கும் முதல் அரை மணியில் ஏறக்குறைய 2 கிலோவாட் எடுக்கும். அப்போது இஸ்திரிப் பெட்டியோ ஓவனோ போட்டால் மொத்த வீடும் அணைந்துவிடும். "ஏ ஸல்தாத்தா லா கொர்ரெந்தே" என்பார்கள். பெரியதை அணைத்துவிட்டு 'கொந்தத்தோரே' என்ற மீட்டரின் நெம்புகோலை மேலே தள்ள வேண்டும். சில கட்டிடங்களில் மீட்டர் கீழ்த்தளத்தில் இருக்கும். முதல் நாளே "தோவே இல் கொந்தத்தோரே?" என்று கேட்டு, பகலிலேயே ஒரு தடவை போய்ப் பார்த்துவிட வேண்டும்.

---

கோத்தகிரி மல்லி எழுதியது:

எல்லாம் நோட்டில் ஏறிவிட்டது. கடைசியாக ஒன்று: அங்கே பருத்தித் துணிக்குக் கஞ்சி போடுவார்களா? அந்தச் சொல் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

---

கூடலூர் மழை எழுதியது:

கஞ்சி மாவுக்கு 'ஆமிதோ'. இப்போது வீடுகளில் பெரும்பாலும் 'அப்ப்ரெத்தோ' என்ற ஸ்ப்ரே டப்பாதான். சட்டைக் காலர், மேஜை விரிப்பு இவற்றுக்கு. டப்பாவை நன்றாகக் குலுக்கி, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, தெளித்தவுடன் பெட்டியை வைக்காமல் சில நொடி ஊற விட வேண்டும். உடனே வைத்தால் கஞ்சி துணிக்குள் இறங்காமல் பெட்டி அடியில் ஒட்டிக் கருகி, அடுத்த வெள்ளைத் துணியில் பழுப்பாக உரியும். அப்படி ஒட்டிவிட்டால் பெட்டியை அணைத்து ஆறவிட்டு, ஈரத்துணியில் கொஞ்சம் 'பிகர்பொனாத்தோ' (சமையல் சோடா) தொட்டுத் துடைத்தால் வந்துவிடும்.